மண்வெட்டி முன்னே செல்லட்டும்!

புகைவண்டி வேண்டும் என்கிறது பெரியகுளம். வேண்டும்தான்! மாம்பழம் விளைவிக்கும் உழவனுக்கு வேண்டும். வெளியூர் சென்று கற்கும் மாணவனுக்கு வேண்டும். மருத்துவம் தேடி மதுரைக்கு ஓடும் ஏழைக்கு வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம், தேனி வழியே கம்பம் பள்ளத்தாக்கு வரை இருப்புப்பாதை அமைக்க வேண்டும் என்ற குரல் நேற்று எழுந்ததன்று. நெடுங்காலமாக ஒலித்து வருவது. அக்குரலோடு நம் குரலையும் சேர்க்கிறோம். கூடவே ஒரு கேள்வியையும் சேர்க்கிறோம். தண்டவாளம் படுக்கப் போகும் மண்ணுக்கடியில் என்ன உறங்குகிறது என்று பார்க்கப் போவது யார்? பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் எது?

வண்டி கேட்கும் நேரத்தில் பானை ஓட்டைப் பற்றிய பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்க்கு ஒரு பழங்கதை சொல்கிறோம். புராணக் கதையன்று, நடந்த கதை.

1850-களில் இலாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை போட்டனர் வெள்ளையர். பாதையில் பரப்பக் கல் வேண்டும். அருகே ஒரு மேடு. மேடு முழுதும் சுட்ட செங்கல். வெட்டினர், அள்ளினர், கொட்டினர், அதன் மேல் வண்டியை உருட்டினர். ஏறத்தாழ 100 மைல் நீளப் பாதைக்கு அந்தச் செங்கல் பயன்பட்டதாகப் பின்னர் எழுதினார் கன்னிங்காம். அந்த மேடுதான் ஹரப்பா! அது எத்தகைய நாகரிகத்தின் நகரம் என்பதை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல். அறிவிப்பு வருமுன்பே நகரத்தின் ஒரு பகுதி சக்கரங்களுக்கு அடியில் சரளையாகிவிட்டது. எந்தப் பகைவனும் படையெடுத்து வந்து செய்த அழிவன்று அது. கணக்குத் தெரிந்த, ஆனால் காலம் தெரியாத பொறியாளர்கள் செய்தது.

வடக்கே நடந்தது, நமக்கென்ன என்பீரோ? நம் பள்ளத்தாக்கையே பாருங்கள். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு முதன்முதலாக வண்டி ஓடியது 1928-இல். அதே 1928-இல்தான், பெரியகுளத்துக்கு மேலே நிற்கும் பழனி மலைத்தொடரின் கல்திட்டைகளைப் பற்றிய நூலொன்றைத் தொல்பொருள் துறை வெளியிட்டது. எழுதியவர்கள் அங்லாட், நியூட்டன் என்னும் இரு பாதிரிமார்கள். மதத்தைப் பற்றி அவர்களோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆயினும் மலைமலையாக ஏறிக் கல்லை அளந்து குறித்து வைத்த உழைப்புக்கு நன்றி சொல்ல நாம் தயங்கவில்லை. மேலே மலையில் கல் ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே, கீழே சமவெளியில் தண்டவாளம் மண்ணில் ஏறியது. சமவெளிக்கு அப்படியோர் ஏடு எழுதப்பட்டதா?

சமவெளியில் ஏதுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டு, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். மூன்றிலும் தமிழ்ப் பிராமி எழுத்து! ஒரு கல், ஆகோள் பூசலில் மாண்ட வீரனுக்கு எடுத்தது. தொல்காப்பியம் சொல்லும் அதே ஆகோள். கூடல் என்னும் ஊர்ப்பெயரும் அதில் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. அதுவே இது என்று மேடையேறி முழங்க மாட்டோம். சான்று வரும்வரை காத்திருப்பதே பகுத்தறிவு. ஆனால் ஒன்று சொல்வோம். அரண்மனைக் கல்லன்று அது; ஆலயக் கல்லன்று; வேந்தன் புகழ் பாடும் கல்லன்று. மாட்டுக்காக மாண்டவனுக்கு எழுத்துப் பொறித்த கல். கல்வி சிலருக்கே உரியது, எழுத்து மேலோர் சொத்து என்று சொல்லிச் சொல்லி நம்மைத் தாழ்த்தியவர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறு எது?

அந்தக் கல் பாதைக்குச் சரளையாகியிருந்தால்?

பொருளை எடுத்துக் காட்சிச்சாலையில் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்போரும் உளர். போதாது, தோழர்களே! பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அகழ்ந்தார். ஈமக்குழியொன்றில் நெல் நிறைந்த சாடி. அதே குழியில் எழுத்துப் பொறித்த மட்கலத்தாங்கி. நெல்லைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பியபோது கிடைத்த காலம் கி.மு. 490. எழுத்தின் வயது எப்படித் தெரிந்தது? நெல்லும் எழுத்தும் ஒரே குழியில், ஒன்றாக, கலையாமல் இருந்ததால் தெரிந்தது. அதே குழியை மண்வாரி எந்திரம் ஒரே வாரில் வாரியிருந்தால் நெல் ஒருபுறம் சிதறும், கலம் ஒருபுறம் உடையும். பொருள் மிஞ்சலாம்; சான்று மிஞ்சாது.

இருப்புப்பாதை எங்கே ஓடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நன்செய்க்கு இழப்பீடு அதிகம். ஆகவே கூடுமானவரை மேட்டு நிலத்தையும் புறம்போக்கையும் நாடுவர். கரை போடவும் அங்கேதான் மண் வெட்டுவர். நம் முன்னோர் இறந்தோரைப் புதைக்கத் தேர்ந்ததும் பெரும்பாலும் அதே உழவுக்குதவாத சரளை மேடுதான். பொறியாளனுக்கு மலிவான நிலம் வரலாற்றுக்கு விலைமதிப்பற்ற நிலமாகிறது!

சட்டம் காக்காதோ? 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை விதிக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு விதிக்கின்றன. அறிந்த இடத்துக்குக் காவல் உண்டு. இன்னும் அறியாத இடத்துக்கு? 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலை உண்டு, விமான நிலையம் உண்டு, இருப்புப்பாதை இல்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல் என்கிறது. பொன்னுக்குச் சட்டம் உண்டு. பானை ஓட்டுக்கு இல்லை. எழுத்துப் பொறித்த ஓடு சந்தையில் பத்துக் காசு பெறுமா? பெறாது. ஆனால் ஓர் இனத்தின் வயதையே சொல்லும்!

வண்டி தாமதமாகுமே என்பது அடுத்த அச்சம். போடிப் பாதையில் 2010 இறுதியில் வண்டி நின்றது. அகலப்பாதையாகித் தேனிக்கு அது வந்தது 2022 மே மாதம்; போடியை எட்டியது 2023 ஜூன். பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் காத்திருப்புக்குக் காரணம் பானை ஓடா? இல்லை, கிள்ளிக் கிள்ளிக் கொடுத்த நிதி! நிதிக்காகப் பன்னிரண்டு ஆண்டு பொறுத்த மக்கள், வரலாற்றுக்காக ஓரிரு பருவம் பொறுக்க மாட்டார்களா?

இஸ்தான்புல் நகரில் கடலடி இருப்புப்பாதைக்காகத் தோண்டிய இடத்தில் பழந்துறைமுகம் ஒன்று வெளிப்பட்டது. 2004-இல் தொடங்கி அகழ்ந்தனர். 37 பழங்கப்பல்கள் கிடைத்தன. பணி தாமதமானது உண்மை. 2013-இல் வண்டி ஓடியதும் உண்மை. கட்டத் தொடங்கியபின் அகழ்ந்தால் தாமதம். திட்டம் தீட்டும்போதே அகழ்ந்தால் தாமதமில்லை. நம் நாட்டுக்கும் இது புதிதன்று. அணைநீரில் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டாவை 1954 முதல் 1960 வரை அகழ்ந்து காத்தது இதே அரசுத் துறைதான். அணைக்கு முடிந்தது, தண்டவாளத்துக்கு முடியாதா?

ஆட்சியாளரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. மேடையில் சங்ககாலம் பேசிக் கைதட்டல் பெறுகிறோம். மேடைக்குக் கீழேயுள்ள மண்ணைக் குனிந்து பார்த்தோமா? கண்மூடிப் பழம்பெருமை பேசுவதும் ஒருவகை மூடநம்பிக்கையே. ஆரியப் புளுகை மறுக்க ஆவேசம் போதாது, ஆதாரம் வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். புதிய பாதைக்கு நில அளவையாளர் செல்லும் நாளிலேயே தொல்லியலாளரும் உடன் நடக்கட்டும். ஐயமுள்ள மேடுகளில் சோதனைக் குழி இடப்படட்டும். திட்டச் செலவிலேயே அதற்கொரு பங்கு ஒதுக்கப்படட்டும். கண்டதை ஏட்டில் எழுதி மக்கள் முன் வைக்கட்டும். பெரியகுளத்து இளைஞர்களே, உங்கள் ஊர் மேட்டில் கருப்பு சிவப்பு ஓடு கிடந்தால் கையால் எடுக்காதீர்; இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

வண்டி வரட்டும், வரவேற்போம். அதற்கு வழிகாட்டி மண்வெட்டி முன்னே செல்லட்டும்!