சிறையும் பிணியும் : மணிமேகலை காட்டும் நெறி

1. நோக்கம்

மணிமேகலைக் காப்பியத்தின் 30 காதைகளுள் 19-ஆவது, ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ எனப் பெயர் பெறும். இதனை ஆராய்வோர் பெரும்பாலும் இருவகையாகப் பொருள் கொள்வர். பௌத்த சமயத்தின் பெருமையை நிலைநாட்டவே சாத்தனார் இக்காதையைப் பாடினார் என்பது ஒரு கருத்து. அமுதசுரபியின் ஆற்றலைக் காட்டி, கதையை உதயகுமரன் கொலையுண்ணும் இடத்திற்கு நடத்திச் செல்லும் இடைநிகழ்ச்சியே இது என்பது மற்றொரு கருத்து. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இவ்விரண்டினுள் அடங்காத பொருள் ஒன்றும் இக்காதையில் உளது என்பது நம் துணிபு. சிறைப்பட்டார்தம் உடல்நலம் யார் பொறுப்பு, அந்நலத்தில் அவர்க்கு உரிய பங்கு யாது என்னும் வினாக்களே அப்பொருள். நலத்தில் சமன்மை என்பதனைப் பற்றி அறிவுலகம் இன்று மிகுதியும் ஆராய்ந்து வருதலின், பழைய காப்பியத்தை இவ்வினாக்களோடு மீண்டும் அணுகுதல் பயனுடைத்து.

2. பசி பிணியாதல்

சாத்தனார் பசியைப் பிணி என்றே காண்கிறார். வறுமையைக் கூறும் புலவர் பலரும் பசியைத் துன்பமாகக் கூறினர். சாத்தனாரோ அதனை நோயாகவும், உணவை மருந்தாகவும், உண்டி கொடுத்தோரை உயிர் கொடுத்தோராகவும் கருதுகின்றார். காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசிநோய் இக்கருத்தின் உருவமே ஆகும். அமுதசுரபி முதன்முதல் எவர் கையில் சேர்ந்தது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. தாயால் கைவிடப்பட்டு, வளர்த்த அந்தணராலும் விலக்கப்பட்டு, மதுரையில் பிச்சையெடுத்து உண்ட ஆபுத்திரனே அதனைப் பெறுகின்றான். அவன் உணவூட்டியோர் கண்ணற்றோர், செவிகேளாதோர், கால் முடப்பட்டோர், காப்பாரற்றோர், பிணியால் நடுங்குவோர் ஆகியோர். விலக்கப்பட்டவன் ஒருவன் விலக்கப்பட்ட பலரைத் தேடிச் சென்று காக்கும் இவ்வமைப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. நலம் குறைந்தார்க்கே முதற்பங்கு என்னும் நெறி அதில் உளது.

இந்நெறியின் நேரிய வளர்ச்சியே சிறைக்கோட்டக் காதை. காயசண்டிகை வடிவு கொண்ட மணிமேகலை, வயிறு காயும் பசியினர் உள்ளே உளர் என அறிந்து சிறையினுட் புகுகின்றாள், அனைவர்க்கும் உணவளிக்கின்றாள். அவர்கள் செய்த குற்றம் யாது என அவள் வினவவில்லை என்பதனை நாம் சிறப்பாகக் குறிக்கின்றோம். பசித்தார் என்பது ஒன்றே அவள் நோக்கிய தகுதி. ஒரே கலத்தினின்று பலர் உண்ணக் கண்டு வியந்த காவலர் மாவண்கிள்ளிக்கு அதனை அறிவிக்கின்றனர். அரசன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அழித்து அறவோர்க்கு உரிய கோட்டமாக்குக என்கின்றாள். நரகம் போன்றிருந்த இடத்தில் புத்தன் கோயிலும், மாதவர் பள்ளியும், சமைக்கும் சாலையும், உண்ணும் சாலையும் அமைகின்றன.

சமயப் பரப்பலே இக்காதையின் நோக்கம் என்பார் இவ்விறுதியையே சான்றாகக் காட்டுவர். கோயிலும் பள்ளியும் எழுந்தன என்பது மெய்யே. ஆனால், சமயப் பெருமை ஒன்றே கருத்தாயின் அரசவையிலோ விழாக்களத்திலோ அவ்வற்புதத்தை நிகழ்த்தியிருத்தல் எளிது. காண்பாரும் புகழ்வாரும் அற்ற சிறையைப் புலவர் தேர்ந்தெடுத்தமைக்குச் சமயப் பெருமை ஒன்றே விடையாகாது.

3. மருந்தே படைக்கலமாதல்

இக்காதையைத் தனியே எடுத்துப் போற்றுவோர் 22, 23 ஆகிய காதைகளை இதனோடு இணைத்து நோக்குவது அரிது. அவ்வாறு நோக்கின், காப்பியத்தின் ஆழம் நன்கு புலனாகும். உதயகுமரன் வாளால் எறியப்பட்டபின், சிறைக்கோட்டத்தை ஒழித்த அம்மணிமேகலையே காவலில் வைக்கப்படுகின்றாள். கட்டடம் அறக்கோட்டமாயிற்று, அரசன்பால் சிறைசெய்யும் அதிகாரம் மாறாதிருந்தது. இம்முரணைச் சாத்தனார் மறைக்கவில்லை.

மகனை இழந்த அரசி, மணிமேகலையைச் சிறையினின்று விடுவிப்பாள்போலத் தன்பால் வருவித்து மூன்று கொடுமைகள் இழைக்கின்றாள். அறிவு திரியும் மருந்தினை ஊட்டுகின்றாள். கல்லா இளைஞன் ஒருவனை ஏவி அவள் கற்பின்மேல் பழி சேர்க்க முயல்கின்றாள். பின்னர், இல்லாத நோயை உண்டெனப் பொய்யாகக் காட்டிப் புழுக்கறையில் அடைக்கின்றாள். இவற்றுள் முதலும் இறுதியும் மருத்துவத்தைச் சார்ந்தவை. நோய் தீர்க்கும் மருந்து நோய் செய்யும் கருவியாகின்றது. நோயாளர்க்குப் பாதுகாப்பாக வேண்டிய தனிமை ஒறுத்தலுக்குப் போர்வையாகின்றது. பசிப்பிணி தீர்க்கச் சிறை புகுந்தவளையே பொய்ப்பிணி காட்டிச் சிறைப்படுத்தும் இவ்வமைப்பினைக் காப்பியத்தின் கட்டுக்கோப்பிற்கு ஒரு சிறந்த சான்றாக நாம் கருதுகின்றோம். அடைபட்டோர்பால் மருத்துவம் இருமுனையும் கூரிய வாளாகும் என்பதனை இவ்விரு பகுதிகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

4. பிற்கால வரலாற்றோடு ஒப்புநோக்கல்

இவ்வுண்மையைப் பிறநாட்டு வரலாறும் வலியுறுத்தும். இங்கிலாந்தில் ஜான் ஹோவர்ட் சிறைதோறும் சென்று கண்டவற்றை 1777-இல் நூலாக வெளியிட்டார். தூக்கிலிடப்பட்டோரினும் சிறைக்காய்ச்சலால் மாண்டோரே மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. சிறைவாயிலைக் கடந்து உள்ளே சென்று கண்டறிதல் என்பதில் அவர் மணிமேகலையோடு ஒப்பர்.

அறிவு திரியும் மருந்தூட்டிய அரசியோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சியும் அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் தோல்மருத்துவர் சிறைப்பட்டார் உடல்மீது பல்வகை மருந்துகளையும் வேதிப்பொருள்களையும் இட்டு ஆய்ந்தார். அவர்களுள் கறுப்பினத்தார் மிகப் பலர். சிறு தொகை கூலியாகக் கொடுக்கப்பட்டது. பொருளற்று அடைபட்டிருப்போர் கூலிக்காகத் தரும் ஒப்புதல் உண்மையான ஒப்புதலாமோ என்னும் வினா அந்நாட்டில் எழுந்தது. 1978-இல், சிறைப்பட்டோர்மேல் நடத்தும் ஆய்வுகளுக்குக் கடும் வரையறைகள் விதிக்கப்பட்டன. அரசி பகையால் செய்தாள். மருத்துவர் அறிவு வளர்ச்சியின் பெயரால் செய்தார். நோக்கம் வேறாயினும், மறுக்கவியலா நிலையில் இருப்போர் உடலைத் தம் பொருளாகக் கொண்டமை இருவர்க்கும் பொது.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இவ்விருமுனைகளையும் ஒருங்கே கருதுகின்றன. சிறைக்கு வெளியே உள்ளார்க்குக் கிடைக்கும் அதே தரமுடைய மருத்துவம் சிறையுள்ளார்க்கும் கிடைத்தல் வேண்டும் என்கிறது 24-ஆம் விதி. உணவையும் குடிநீரையும் குறைத்தலும், இருட்டறையில் அடைத்தலும் ஒறுப்பாக ஆகா என்கிறது 43-ஆம் விதி. ஒறுத்தலில் மருத்துவப் பணியாளர்க்கு எப்பங்கும் இருத்தல் கூடாது என்பது 46-ஆம் விதி. முதலாவது சிறைக்கோட்டக் காதையையும், ஏனையிரண்டும் புழுக்கறை நிகழ்ச்சியையும் நினைவூட்டுகின்றன.

5. குரலற்றோர்

இனி, காப்பியத்தின் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடனாகும். 19-ஆம் காதையில் அமுதுண்ட சிறையோருள் ஒருவர்க்கேனும் பெயர் இல்லை. அவர்கள் வாய்ச்சொல்லாக ஒன்றும் இல்லை. கோட்டம் மாறியபின் அவர்கள் எங்குச் சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதனையும் புலவர் தொடர்ந்து கூறவில்லை. அவர்கள் அருளுக்கு உரியோராய் நிற்கின்றனரேயன்றித் தம் நிலையைத் தாமே உரைப்பாராய் நிற்கவில்லை.

பழந்தமிழ்ச் சிறைகளுள் அடைபட்டோர் குரலாக நாம் கேட்பது அரசர் குரலே. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் நீர் வேண்டி, அது காலந்தாழ்த்துக் கிடைத்தபோது உண்ணாது துஞ்சினான் சேரமான் கணைக்கால் இரும்பொறை எனப் புறநானூற்று 74-ஆம் பாட்டின் குறிப்புக் கூறும். வேந்தன் ஆதலின் அவன் நீர்வேட்கை மானத்தின் வரலாறாயிற்று. அவ்வாறே நீர் பெறாது மாண்ட பெயரறியாதோர் வேட்கை பாட்டாகவில்லை.

இவ்விடைவெளியை இருபதாம் நூற்றாண்டுச் சிறையிலக்கியம் ஒருவாறு நிரப்பிற்று. 1908-இல் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரனார், கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் பட்ட பாட்டினைச் செய்யுள் வடிவில் தம் வரலாறாக எழுதினார். அதே ஆண்டில் சிறைபுகுந்த சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளிவந்தார். எனினும், இவர்களும் கற்றோர், புகழால் காக்கப்பட்டோர். எழுத்தறியாச் சிறையோர் நிலை இன்றும் பிறர் வாய்மொழியாகவே நமக்குக் கிட்டுகின்றது.

அவர்தம் நிலையை ஆராய்ந்து வெளிப்படுத்துவதன் பயனுக்கு ஒரு சான்று காட்டுவாம். நம் நாட்டுச் சிறைகளில் சாதி நோக்கித் துப்புரவுத் தொழிலும் சமையல் தொழிலும் பகுக்கப்பட்டு வந்தமையை இதழாளர் ஒருவர் ஆராய்ந்து எழுதி வழக்குத் தொடுத்தார். 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சிறை விதிகள் அரசியலமைப்புக்கு மாறானவை எனத் தீர்ப்பளித்தது. மலக்குழியைத் துப்புரவாக்குவார் யார், அடுக்களைக்குள் புகுவார் யார் என்பது சாதியைப் பற்றியது மட்டுமன்று; எவர் உடல் நோய்க்கு முதலில் இரையாகும் என்பதனைப் பற்றியதுமாம்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். குற்றம் வினவாது பிணி தீர்த்தல் என்னும் நெறியைச் சிறைக்கோட்டக் காதை நிலைநாட்டுகின்றது. அந்நெறிக்கு மாறாக மருத்துவமே கொடுமைக்குக் கருவியாதலும் கூடும் என்பதனைச் சிறைவிடு காதை எச்சரிக்கின்றது. உணவும் மருந்தும் பெறுவோர் தம் நிலையைத் தாமே உரைக்கும் உரிமை மட்டும் காப்பியத்துள் இடம்பெறவில்லை.

முதலிரண்டும் சாத்தனார் நமக்குத் தந்தவை. மூன்றாவதனை நிறைவு செய்தல் ஆராய்ச்சியாளர் கடமை. சிறையோரை ஆய்வுப்பொருளாக்காது ஆய்வின் பங்காளராகக் கொண்டு, அவர் கூறுவதனைக் கேட்டு எழுதும் முயற்சியில் மருத்துவத்துறையோடு தமிழ்த்துறையும் சேர்தல் தகும். வாய்மொழியைத் தொகுத்தலும் சொல்லின் பொருளை ஆராய்தலும் நம் துறைக்குப் புதியன அல்ல. நாட்டுப்புறத்தாரிடம் சென்று பாடல் தொகுத்த நம் துறையினர் சிறைவாயிலிலும் செவிசாய்த்தல் வேண்டும்.