வீணை: மரமா, மேளமா?

தஞ்சாவூர் வீணையை எப்படிச் செய்கிறார்கள் என்று தமிழில் வந்த பத்திரிகைக் கட்டுரைகள், டிவி நிகழ்ச்சிகள், யூடியூப் காணொளிகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சில மாதங்களாகப் படித்தும் பார்த்தும் வந்தேன். பத்துப் பதினைந்து தாண்டியதும் அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. முதலில் பண்ருட்டிப் பலாமரம். பிறகு வாச்சியால் குடம் குடைகிற காட்சி, சிராய் பறக்கும். பிறகு யாளி முகம், அதன் மேல் வண்ணம். நடுவில் ரகுநாத நாயக்கர் வந்துபோவார். கடைசியில், ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையின் நாதமே தனி என்று ஒரு வாக்கியம்.

மெட்டுகள்? "பிறகு மெழுகில் 24 மெட்டுகள் பொருத்தப்படுகின்றன." அவ்வளவுதான். அந்தச் செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். குடைகிறவருக்கு முகம் உண்டு, செதுக்குகிறவருக்குப் பேர் உண்டு. மெட்டு மட்டும் தானாகவே பொருந்திக்கொள்கிறது.

இந்தக் கட்டுரைகளில் தகவல் தப்பு என்று சொல்ல வரவில்லை. பலாமரம் உண்மை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் உண்மை. என் குறை வேறு. மரத்தால் செய்த ஒரு பெட்டியை வாசிக்கக்கூடிய வாத்தியமாக மாற்றுகிற வேலையை இந்த எழுத்து ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. படிக்கிறவர்கள் மரத்தை மட்டும் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். அப்படிப் பழகி ஏமாந்தவர்களில் நாங்களும் உண்டு.

எங்க வீட்டுக் கதை

அம்மாவிடம் ஒரு வீணை இருக்கிறது. ஒட்டு வீணை. கல்யாணத்துக்கு முன்னாடி தாத்தா வாங்கிக் கொடுத்தது. பெரியம்மா மகள், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவள், சில வருஷத்துக்கு முன்னாடி புதுசாக ஒரு ஏகாந்த வீணை வாங்கினாள். ஒட்டு வீணையைவிட விலை ரொம்பவே கூட. கடைக்காரர் குடத்தைத் தட்டித்தட்டிக் காட்டினார். நாங்களும் விவரம் தெரிந்தவர்கள் மாதிரி தலையாட்டினோம்.

ஆறு மாசம்கூட ஆகவில்லை. மேல் ஸ்தாயியில் சுருதி விலக ஆரம்பித்தது. காந்தாரத்தில் கம்பியை இழுத்தால் அடுத்த மெட்டில் உரசிக் கரகரவென்றது. கடையில் கேட்டால், "புது மரம்ங்க, வாசிக்க வாசிக்கப் பழகிடும்" என்று பதில். அக்காவும் தன் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் மேளம் கட்டுகிற பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். மெட்டுகளை மெழுகில் நிறுத்திச் சுருதி சேர்ப்பதைத்தான் மேளம் கட்டுவது என்கிறார்கள். அவர் மரத்தைத் தட்டவே இல்லை. சாரணியை ஒருமுறை மீட்டினார், மெட்டுகள் மேல் விரலை ஓட்டினார்.

"மரம் நல்ல மரம்தான் தம்பி. மேளத்தை அவசரத்துல கட்டியிருக்காங்க."

"புது மரம், பழகணும்னு சொன்னாங்களே ஐயா?"

"மரம் பழகும். மெட்டு எப்படித் தம்பி பழகும்? வெச்ச எடத்துலதான இருக்கும்!"

பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாகக் கட்டினார். அதே மரம், அதே குடம். ஆனால் கேட்டவர்கள் வேறு வீணையா என்றார்கள். அம்மாவின் ஒட்டு வீணைக்கும் அப்போதே கட்டச் சொன்னோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது ஏகாந்தம், எது ஒட்டு என்ற பேச்சு வரவில்லை.

ஏகாந்தம் என்றால் என்ன?

வீணையின் முக்கிய உறுப்புகள் மூன்று: உருண்டையான குடம், நீண்ட தண்டி, யாளி முகத்தோடு வளைகிற தலைப்பகுதி. இவற்றைத் தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. ஒட்டு வீணைக்கு இன்னொரு பெயர் 'சாதா வீணை'. பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது பாருங்கள். ஒன்று ஏகாந்தம், மற்றது வெறும் சாதா.

ஆனால் ஏகாந்த வீணையும் முழுக்க ஒரே மரம் இல்லை. குடத்தை உள்ளே குடைய வேண்டுமென்றால் வாய் திறந்திருக்க வேண்டும். குடைந்த பிறகு அந்த வாயை மூடுகிற மேல்பலகை தனிப் பலகைதான். தண்டியும் உள்ளே குடைந்ததுதான், அதன் மேல் வைக்கும் மூடியும் தனி. சுரைக்காய் தனி. கம்பிகளைத் தாங்கும் குதிரை உட்கார்ந்திருப்பது எதன் மேல்? அந்த மேல்பலகை மேல். கம்பியின் அதிர்வு குதிரை வழியாக முதலில் போய்ச் சேருகிற இடம் அது. ஆக நாதத்தில் பெரிய பங்குள்ள பலகை, ஏகாந்தமானாலும் ஒட்டானாலும், தனியாகச் செய்து மேலே பொருத்தியதுதான்.

அப்படியானால் ஏகாந்தம் வெறும் பந்தாவா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஏழு கம்பிகளின் இழுவிசை ராத்திரி பகலாகத் தண்டியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் ஒட்டு சரியில்லை என்றால், ஈரப்பதம் ஏறி இறங்குவதில் அது லேசாக விடும். தண்டி மயிரிழை முன்னால் சாய்ந்தாலும் போதும், கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே இடைவெளி மாறிவிடும், விரல் வலிக்கும், சுருதி போகும். ஏகாந்தத்தில் அந்த இணைப்பே இல்லை. இது உறுதி சம்பந்தப்பட்ட நியாயமான காரணம். இதை நாதத்துக்கான உத்தரவாதம் என்று மாற்றிச் சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன். ஒழுங்காக ஒட்டிய வீணை தலைமுறை தாண்டியும் நிற்கும். அம்மாவுடையது நிற்கிறது.

மெழுகின் கணக்கு

மேளத்தில் அப்படி என்ன கஷ்டம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கம்பியின் அதிரும் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதியில், 40 செ.மீ.இல், மேல் ஸட்ஜம். அது 12ஆவது மெட்டு. அதிலும் பாதி, 20 செ.மீ. மிச்சமிருக்கும் இடத்தில் 24ஆவது மெட்டு. சமமான அரைச்சுர இடைவெளி என்று கணக்கிட்டால் முதல் மெட்டு மேருவிலிருந்து சுமார் 4.5 செ.மீ. தள்ளி வரும். ஆனால் 23க்கும் 24க்கும் நடுவே இருப்பது வெறும் 1.2 செ.மீ. தான்.

இதனால் என்ன? ஒரு மெட்டு 1 மி.மீ. நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரித்தால், முதல் மெட்டில் அந்த 1 மி.மீ. தரும் பிழை சுமார் 2 சென்ட். யார் காதுக்கும் தெரியாது. அதே 1 மி.மீ. 24ஆவது மெட்டில் 8 சென்ட்டைத் தாண்டும். பயிற்சி உள்ள காதுக்கு நெருடும். அக்கா வீணை மேல் ஸ்தாயியில் முதலில் காட்டிக்கொடுத்தது இதனால்தான்.

சரி, ஸ்கேலை வைத்து அளந்து பொருத்திவிடலாமே? முடியாது. விரலால் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது மெட்டின் உயரம், கம்பியின் தடிமன் இரண்டையும் பொறுத்தது. ஒரே மெட்டு நாலு கம்பிக்கும் பொது: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். நாலும் நாலு தடிமன். சாரணிக்குச் சரியாக இருக்கும் இடம் அனுமந்தரத்துக்கு மயிரிழை தப்பும். மேளம் கட்டுகிறவர் மெட்டை லேசாகச் சாய்த்து, நாலுக்கும் நடுவே ஒரு சமாதானத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கிறார். உயரம் இன்னொரு தலைவலி. வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் வாசிக்கிறோம். 24 மெட்டுகளின் முதுகும் ஒரே சீராக இல்லை என்றால் இழுக்கும்போது கம்பி பக்கத்து மெட்டில் இடிக்கும். இதெல்லாம் அளவுகோலில் எழுதி வைக்க முடியாத விஷயங்கள்.

இங்கேதான் மெழுகு வருகிறது. தேன்மெழுகைக் காய்ச்சிக் கரித்தூள் கலக்கிறார்கள், குங்கிலியம் சேர்ப்பவர்களும் உண்டு. தண்டியின் இரண்டு ஓரங்களிலும் இதை வரப்பு மாதிரி எழுப்பி, அதன் மேல் மெட்டை அழுத்தி உட்காரவைக்கிறார்கள். கிடாரில் மெட்டை மரத்தில் பள்ளம் அறுத்து அடித்து இறக்குகிறார்கள், தப்பினால் தப்பியதுதான். மெழுகில் திருத்தலாம். கொஞ்சம் சூடு காட்டி நகர்த்தலாம், அமுக்கலாம், சாய்க்கலாம். இந்த வீணையை வாசிக்கப்போகிறவரின் கம்பிக்கும் சுருதிக்கும் ஏற்ப இதே வீணையில் வைத்துத் திருத்தலாம். பிளாஸ்டிக்கும் பசைகளும் இவ்வளவு வந்த பிறகும் மெழுகு போகாததற்கு வெறும் பழக்கம் காரணமில்லை.

அதற்கு ஒரு விலையும் உண்டு. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி செல்சியஸ் அளவில், ஆனால் அதற்கு வெகு முன்னாடியே இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் கதவு மூடிய காரில் வீணையை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தால் கதை முடிந்தது. வெயில் படாமல் வைத்திருந்தாலும் மெட்டில் கம்பி தேய்த்துப் பள்ளம் விழும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை மேளம் கட்டியே ஆகவேண்டும். வீணை செய்வது ஒரு தடவை, மேளம் கட்டுவது அதன் ஆயுள் முழுக்க.

பழைய ஆட்கள் எதைப் பற்றி எழுதினார்கள்?

1550இல் ராமாமாத்தியர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியில் வீணைக்கென்றே ஒரு பிரகரணம் இருக்கிறது. கம்பிகளை எப்படிச் சுருதி சேர்ப்பது, மெட்டுகளை எங்கே வைப்பது, எந்தக் கம்பியில் எந்த மெட்டு எந்த ஸ்வரம் தரும் என்பதுதான் அங்கே பேச்சு. ரகுநாத நாயக்கர் பெயரோடு நம் கட்டுரைகள் சேர்த்துச் சொல்லும் சாதனையும் மர வேலை இல்லை. 24 மெட்டுகளை நிலையாக நிறுத்திய அமைப்பு, அதாவது மேளம்.

1921இல் சி.வி. ராமன் இந்திய நரம்பு வாத்தியங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கம்பியின் நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் எழக்கூடாது என்று பழைய விதி சொல்கிறது. தம்புராவிலும் வீணையிலும் எழுகின்றன என்று அவர் காட்டினார். காரணமாக அவர் பார்த்தது மரத்தை அல்ல, குதிரையை. அதன் மேல்பரப்பு கத்திமுனை மாதிரி இல்லாமல் லேசாக வளைந்திருக்கிறது, அதிரும் கம்பி அதைத் தொட்டுத்தொட்டு விலகுகிறது. அந்த வளைவு, குதிரைமேல் பதித்த உலோகத் தகட்டில் அரத்தால் ராவிக் கொண்டுவருவது. மறுபடியும் கடைசிக் கட்டக் கைவேலை.

மர மோகம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. இத்தாலியின் கிரெமோனாவில் செய்த ஸ்ட்ராடிவாரி வயலின்களுக்கும் குளிர்காலத்தில் வளர்ந்த மரம், ரகசிய வார்னிஷ் என்று கதைகள் உண்டு. 2012இல் பாரிஸில் 10 முன்னணிக் கலைஞர்களிடம் 6 பழைய இத்தாலிய வயலின்களும் 6 புதியவையும் கொடுத்து, எது எது என்று தெரியாதபடி வாசிக்கச் சொன்னார்கள். 6 பேர் புதியதையே தங்களுக்கு வேண்டும் என்று எடுத்தார்கள். பழையது எது என்று ஊகித்ததும் குருட்டாம்போக்கைவிட மேலாக இல்லை. நம் ஊரிலும் இரண்டு வீணைகளை ஒரே கையால் நன்றாக மேளம் கட்டித் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லி, எது ஏகாந்தம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதனால் யாருக்கு நஷ்டம்?

வாங்குகிறவர் மரத்துக்குத்தான் காசு கொடுப்பார் என்றால், விற்கிறவரும் மரத்தில்தான் காசைப் போடுவார். மேளத்துக்கான நாட்களைக் குறைப்பார், ஏனென்றால் அது கடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேளம் கட்டுகிறவருக்குக் கூலி குறையும். பையன் அந்த வேலைக்கு வரமாட்டான். புவிசார் குறியீடு 'தஞ்சாவூர் வீணை' என்ற பெயரைக் காக்கும், ஒரு காதைப் பழக்கித் தராது. இன்னொரு பக்கம், எத்தனையோ வீடுகளில் நல்ல ஒட்டு வீணைகள் மேளம் போய்ப் பரண் மேல் கிடக்கின்றன. 'பழசாயிடுச்சு, நாதம் போச்சு' என்று மரத்தின் மேல் பழி. போனது மெழுகு.

எனவே எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டறைக்குப் போனால் யாளியைப் படமெடுத்த பிறகு கொஞ்சம் உட்காருங்கள். மெழுகு காய்ச்சுகிறவரிடம் பேர் கேளுங்கள். ஒரு மெட்டு சரியாக உட்கார எத்தனை தடவை எடுத்து வைக்கிறார் என்று எண்ணுங்கள். அதை எழுதுங்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கும் ஒன்று. குடத்தைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு 24 மெட்டிலும் நாலு கம்பியையும் வாசித்துப் பாருங்கள். மேளம் யார் கட்டியது என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.