அலை காட்டும் மேசை விளக்கு

கடலுக்குக் கிளம்பும் முன் அலைச்சறுக்குக்காரர்கள் போனில் தேடுவது மூன்று எண்களை: அலையின் உயரம், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நொடிகள், காற்று. இந்த மூன்றையும் வைஃபை வழியாக எடுத்து மூன்று ஒளிக்கம்பங்களாக நிறுத்திவிடுகிறது இந்த விளக்கு. கடையில் வாங்கியதல்ல. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, நகருக்குத் தெற்கே உள்ள கோவளம் கடலுக்கென்று வீட்டில் கட்டியது. சுமார் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும், சால்டரிங் அயர்ன் ஏற்கெனவே கையில் இருந்தால்.

உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, ஒரு மீட்டர் டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டையை மூன்றாக வெட்டினால் கம்பத்துக்கு 20 கிடைக்கும். முதல் துண்டின் முடிவிலிருந்து இரண்டாம் துண்டின் தொடக்கத்துக்கு என்று கம்பி இழுத்து, மேலே பால்வெள்ளை அக்ரிலிக் குழாய் மாட்டினால் உருவம் தயார்.

மின்சாரத்தில்தான் கவனம் வேண்டும். வெள்ளை நிறத்தில் முழு வெளிச்சத்தோடு எரியும்போது ஓர் எல்இடி 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 60 எல்இடிக்கு 3.6 ஆம்பியர். சாதாரண போன் சார்ஜர் அதைத் தாங்காது. ஆனால் மேசை விளக்குக்கு அவ்வளவு வெளிச்சம் எதற்கு? எல்இடிகளை இயக்கும் ஃபாஸ்ட்எல்இடி நிரல் நூலகத்தில் மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஓர் ஆம்பியருக்குக் கட்டிப்போட்டால் யுஎஸ்பி சார்ஜரே போதும், கண்ணும் கூசாது. இன்னொரு சங்கடம்: 5 வோல்ட்டில் ஓடும் இந்த எல்இடி, 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் சிக்னலை உறுதியாக ஏற்கும். இஎஸ்பி32 கொடுப்பது 3.3. கம்பி குட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும், திடீரென்று ஒருநாள் நிறங்கள் தாறுமாறாகும். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஹெச்சிடி125 என்ற சின்னச் சிப்பை இடையில் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தகவல் ஓப்பன்-மீட்டியோ என்ற இணைய வானிலைச் சேவையிலிருந்து வருகிறது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம், பதிவுகூட வேண்டாம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் மணிவாரியாக எண்களை அனுப்பும். அலைக்கு ஒரு முகவரி, காற்றுக்கு வேறொரு முகவரி என்பதால் இரண்டு முறை கேட்க வேண்டும். மணிக்கு ஒருமுறை கேட்டால் போதும். அதைவிட வேகமாகக் கணிப்பு மாறாது.

எந்த மணியின் எண்ணைக் காட்டுவது என்பதில்தான் பலர் கட்டும் விளக்குகள் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகின்றன. இரவு எட்டு மணிக்கு, அந்த எட்டு மணி அலையைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? அப்போது தெரிய வேண்டியது மறுநாள் காலை ஆறு மணி. இந்திய நேரப்படி கேட்டால், இன்று நள்ளிரவிலிருந்து பூஜ்யம், ஒன்று என்று எண்ணும் பட்டியலில் நாளைக் காலை ஆறு என்பது 30ஆவது இடம். மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கு அந்த இடத்துக்குத் தாவ வேண்டும். நான்கைந்து வரி நிரல்தான். இந்த விளக்கில் மிகவும் பயன்படுகிற நான்கைந்து வரி அதுதான்.

பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் படு என்று ஒரே விளக்காக வைக்கலாமே என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம் என்பேன். யாருக்குப் பச்சை? 60 சென்டிமீட்டர் உயர அலை புதிதாகக் கற்பவருக்குத் திருவிழா, தேர்ந்தவருக்குக் கொட்டாவி. விளக்கு அளவைச் சொல்லட்டும், தீர்ப்பை நாம் சொல்லிக்கொள்வோம். அதனால் உயரக் கம்பத்தில் ஓர் எல்இடிக்கு 10 சென்டிமீட்டர், இடைவெளிக் கம்பத்தில் ஓர் எல்இடிக்கு ஒரு நொடி. கொஞ்ச நாளில் கண்ணே எண்ணிக்கொள்ளும்.

இடைவெளிக்குத் தனிக் கம்பம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆழ்கடல் அலை கொண்டுவரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும் இடைவெளியையும் பெருக்கிய கணக்கில் ஏறும். 6 நொடி இடைவெளியுள்ள ஒரு மீட்டர் அலையைவிட 12 நொடி அலைக்கு, அதே ஒரு மீட்டரில், இரண்டு மடங்கு பலம். நீண்ட இடைவெளி என்றால் ஸ்வெல், அதாவது தொலைதூரப் புயல் அனுப்பிய அலை. 15 நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் நகரும். தெற்கே 40ஆவது அட்சரேகையில் புயல் கிளப்பியது சென்னைப் பக்கம் வர ஏறக்குறைய ஆறு நாள். அதிலும் இலங்கைக்குக் கிழக்கே விலகி வருவதுதான் கோவளத்தை எட்டும். ஓப்பன்-மீட்டியோ ஸ்வெல்லையும் உள்ளூர்க் காற்று எழுப்பும் அலையையும் பிரித்தே தருகிறது. ஸ்வெல்லின் இடைவெளியைக் கேளுங்கள். மொத்த அலையின் இடைவெளியில் உள்ளூர்ச் சலசலப்பு கலந்து, ஸ்வெல் வந்ததே தெரியாமல் போகும்.

காற்றுக் கம்பத்தில் உயரம் வேகத்தையும் நிறம் திசையையும் காட்டுகிறது. கோவளம் கிழக்கு பார்த்த கரை. காற்று 200 டிகிரிக்கும் 340 டிகிரிக்கும் இடையிலிருந்து வந்தால் கரைக்காற்று, நீலம். மற்றதெல்லாம் ஆரஞ்சு. கோடைக் காலத்துக் காலைகளில் நீலமாக நிற்பது மதியம் ஆரஞ்சாகி உயர்ந்துகொண்டே போகும். கடற்காற்று உள்ளே வந்து அலையின் முகத்தைக் கலைக்கிற நேரம் அது. ஓதத்துக்குக் கம்பம் இல்லை. சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான்.

குறைகள்? கணிப்பு மாதிரியின் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலமானவை. கோவளத்துப் பாறையும் மணல்மேடும் அதன் கண்ணில் படாது. அது சொல்வது வெளிக்கடலின் உயரம்; அதுவும் எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கை நெருங்கலாம். ஆகவே இது பாதுகாப்புக் கருவி அல்ல. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரள, தென்தமிழகக் கரைகளுக்கு வந்த கள்ளக்கடல் (தொலைதூர ஸ்வெல் திடீரெனக் கரையேறுவது) எச்சரிக்கை போன்றவற்றை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம்தான் வெளியிடுகிறது. அவற்றை இந்த விளக்கு படிப்பதில்லை. கடலில் இறங்கும் முன் அவற்றைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

இணையம் அறுந்தால் பழைய எண்களோடு விளக்கு கம்பீரமாக எரிந்துகொண்டிருக்கும் என்பது இன்னும் மோசம். மூன்று மணி நேரம் புதுத் தகவல் வராவிட்டால் எல்லாவற்றையும் அணைத்து, அடியில் ஒரே ஓர் எல்இடி ஊதாவில் மின்னும்படி எழுதிவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடு என்றால் சிலிக்கோன் பூசிய பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பட்டையின் செம்பு உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.

ஒவ்வொரு மணியையும் வரைபடமாகப் பார்க்கப் போன் செயலிதான் சிறந்தது. அதை எடுத்தால் வேறு பத்து விஷயங்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். விளக்கைக் கடந்துபோகும்போது ஒரு பார்வை போதும். அந்த ஒன்றுக்காகவே கட்டலாம். இலங்கையின் அருகம்பேயில் வைப்பதானால் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் மாற்றினால் போதும், அதுவும் கிழக்கு பார்த்த கரை. மேற்கு பார்த்த கேரளக் கரையான வர்க்கலாவுக்கு எடுத்துப்போவதானால் காற்றுத் திசைக்கான வரியையும் திருப்பிப் போடுங்கள். அங்கே நீலம் கிழக்கிலிருந்து வர வேண்டும்.