வரைவின்மை யாருடையது?

முள்ளிப்பட்டில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். பட்டு நெய்கிறவர். பல வருடங்கள் ஒரு உறவிலிருந்து இன்னொரு உறவுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தவர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், மனைவியின் கம்மல், ஊரிலிருந்த பெயர் எல்லாம் அதில் போயிற்று. "வேணாம்னுதான் நெனைக்கிறேன் சார், கால் தானா போவுது" என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது விட்டுவிட்டார். முருக பக்தி, பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலம். பெண் என்றாலே மாயை, மலபாண்டம் என்று பேசுகிறார். மனைவி தனியாகக் கடைக்குப் போகக்கூடாது. மகள் கையில் செல்போன் கூடாது. சமீபத்தில் போயிருந்தபோது, ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமலே சொன்னார்: "அப்போ அவுரு வெளிய சுத்தனாரு, நான் உள்ள கெடந்தேன். இப்போ அவுரும் உள்ள இருக்காரு, நானும் உள்ளதான் கெடக்கறேன். இன்னா மாறிச்சி?"

(இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இதை ஒரு குடும்பச் சண்டையாக ஒதுக்கிவிட முடியாது. காமத்தின் பிடியிலிருந்து ஒருவன் மீளும்போது எல்லைக்கோடு யார்மேல் விழுகிறது? இந்தக் கேள்வியோடு நம் பிரதிகள் சிலவற்றை வாசித்துப் பார்க்கலாம்.

திருக்குறளின் பொருட்பாலில் 91 முதல் 95 வரையிலான அதிகாரங்களின் வரிசை இது: பெண்வழிச் சேறல், வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது, மருந்து. உடல் நாட்டத்தைக் குடியோடும் சூதோடும் ஒரே கட்டாகக் கட்டி, கடைசியில் மருந்தை வைக்கிற இந்த அடுக்கு, இன்று 'அடிமைநோய்' என்று பேசப்படுவதற்கு வெகு அருகில் வருகிறது. ஆனால் தலைப்புகளைக் கவனியுங்கள். 'கள்ளுண்ணாமை' குடிக்கிறவனின் செயலைப் பேசுகிறது. பானையைக் குற்றம் சொல்லவில்லை. 'வரைவின் மகளிர்' அப்படியல்ல. வரைவு என்றால் எல்லை. அகமரபில் திருமணமும் அதுவே. எல்லை இல்லாதவர்கள் அந்தப் பெண்களாம், தேடிப் போகிறவன் இல்லையாம்! அறத்துப்பாலின் 'பிறனில் விழையாமை' ஆணுக்கு எல்லை போடுகிறதே என்று கேட்கலாம். போடுகிறது. ஆனால் அது பிறன் இல், அதாவது இன்னொரு ஆணின் உடைமையைச் சுற்றிய வேலி. அவள் வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

அருணகிரிநாதருக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டு, திருவண்ணாமலை. நம் நண்பர் கிரிவலம் போகிற அதே ஊர். கதை எல்லோருக்கும் தெரியும். பரத்தையரிடம் பொருளை இழக்கிறார், நோய் பிடிக்கிறது, தமக்கையிடம் மேலும் பணம் கேட்கிறார். கொடுக்க ஒன்றுமில்லாத தமக்கை, உடம்புதானே வேண்டும், என் உடம்பு இருக்கிறதே என்கிறாள். அவர் கோபுரத்தின் மேலேறி விழுகிறார், முருகன் தாங்கிக்கொள்கிறான். திருப்புகழ் பிறக்கிறது. 1964இல் டி.எம். சௌந்தரராஜன் நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. இதெல்லாம் வரலாறா, திருப்புகழில் வரும் 'நான்' பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்றிப் பாடும் மரபா என்பது வேறு விவாதம். கதையாடலாக இது என்ன செய்கிறது என்பதே இங்கு முக்கியம்.

அந்தக் கதையில் முதன்முதலாக எல்லையைக் காட்டுகிறவள் தமக்கை. அதைக் காட்ட அவள் தன் உடலையே பணயமாக வைக்க வேண்டியிருக்கிறது. அதற்குப்பின் அவள் எங்கே? நான் கேட்ட, படித்த வடிவங்கள் எதிலும் அருணகிரி அவளிடம் திரும்பிப் போகவில்லை. முருகனிடம் மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. தமக்கையின் கணக்கு தீராமலே நிற்கிறது. பரத்தையரோ, பாட்டுக்குப் பாட்டு அங்கம் அங்கமாக வருணிக்கப்பட்டு, வஞ்சகர் என்று வையப்பட்டு, இறுதியில் முருகன் வருவதற்கான படிக்கட்டாகிறார்கள். எம்.ஏ. படித்தபோது நானும் திருப்புகழின் சந்தநயம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். தமக்கையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் 1936இல் வந்த ஒரு தலைப்பு குறுக்கிடுகிறது: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. எழுதியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தாசிக் குடும்பத்தில் வளர்க்கப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தில் அந்த முறையை எதிர்த்து நின்றவர். தலைப்பின் முன்பாதி பழைய பல்லவிதான்: வலை விரிப்பவள் பெண். ஆனால் 'அல்லது' என்ற சொல்லுக்குப் பிறகு பொறுப்பு மைனரின் மதிக்கு நகர்ந்துவிடுகிறது. 'வரைவின் மகளிர்' என்று பெயரிடப்பட்ட இடத்திலிருந்தே ஒருவர் எழுந்து, வரைவு எங்களுக்கும் வேண்டும், மறுக்கும் உரிமையாக வேண்டும் என்று போராடியதை நம் இலக்கிய வரலாறுகள் போதுமான அளவு பேசவில்லை.

இனி, வெளியே ஒரு பார்வை. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழியைப் பின்பற்றி, 1976இல் பாஸ்டனில் 'செக்ஸ் அண்ட் லவ் அடிக்ட்ஸ் அனானிமஸ்' என்ற குழு தொடங்கியது. அதே 1976இல்தான் ஃபூக்கோவின் 'பாலியல்பின் வரலாறு' முதல் தொகுதி பிரெஞ்சில் வெளிவந்தது. பாலியல்பு பற்றி வாக்குமூலம் கொடுக்கக் கொடுக்க மனிதன் அதிகாரத்துக்கு மேலும் வசப்படுகிறான் என்று அவர் எச்சரித்ததை மறந்துவிட்டு இந்தக் குழுக்களைக் கொண்டாட முடியாது. நோய் என்ற சொல்லே சர்ச்சைக்குரியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை அடிமைநோய்களில் சேர்க்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளில்தான் வைத்திருக்கிறது. ஒழுக்கம் சார்ந்த குற்றவுணர்வு மட்டுமே நோயாகிவிடாது என்றும் சொல்கிறது.

இருந்தாலும் அந்தக் குழுவிடம் மூன்று விஷயங்கள் கற்கலாம். ஒன்று, எல்லையை ஒவ்வொருவரும் தனக்குத்தானே வகுத்துக்கொள்கிறார்கள். குடிகாரனுக்குக் குடியே கூடாது என்பதைப்போல எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது. எந்தச் செயல் என்னைத் திரும்பத் தள்ளுகிறதோ அதை நான் செய்யமாட்டேன், அவ்வளவே. இரண்டு, உறவையும் நெருக்கத்தையும் முற்றிலும் தவிர்ப்பதை அவர்கள் விடுதலையாகக் கொள்வதில்லை. அதே சிக்கலின் மறுமுகமாகவே பார்க்கிறார்கள். துறவை உச்சத்தில் வைத்த நம் மரபுக்கு இது சுருக்கென்று தைக்கும். மூன்று, பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும்: யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியலிட்டு, அவர்களுக்கு மேலும் காயமாகாத வகையில் ஈடுசெய்வது. தமக்கையிடம் திரும்பிப் போகிற வழி அங்கே இருக்கிறது.

'எல்லை' என்றதும் நமக்குச் சந்தேகம் வருவது நியாயம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டதும், பெண்ணுக்கு வாசற்படியைக் கோடாக்கியதும் இதே சொல்தான். எனவே வேலியையும் வரப்பையும் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. வேலி பிறரைத் தடுக்கப் போடுவது. வரப்பு, தன் கழனித் தண்ணீர் வழிந்து அடுத்தவன் பயிரை அழிக்காமலிருக்கத் தானே கட்டுவது. அதையும் ஒருதடவை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. போகத்துக்குப் போகம் வெட்டி அண்டை கட்டணும். நம் மரபு காமத்திலிருந்து மீள்கிறவனுக்கு வேலி போடக் கற்றுக்கொடுத்தது. வரப்பு கட்டக் கற்றுக்கொடுக்கவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றார். "நீங்க செய்யக்கூடாததை மட்டும் ஒரு தாள்ல எழுதுங்க" என்றேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். ஐந்து இருந்தன. மூன்று அவரைப் பற்றியவை: இன்ன எண்ணுக்குப் போன் செய்வதில்லை, முன்பணத்தை வீட்டில் கொடுக்காமல் செலவழிப்பதில்லை, ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் போவதில்லை. மீதி இரண்டும் மனைவியும் மகளும் என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றி.

"இது ரெண்டும் உங்க பட்டியல் இல்லையே" என்றேன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடிக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. அவர் மனைவி கேட்ட கேள்வி இன்னும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.