கேமராவும் சிவப்பு மையும்

வீடியோ எடுப்பதும் ஒருவகை எழுத்துதான் என்று கல்வியாளர்கள் சொல்லும்போது இன்று யாரும் பெரிதாக மறுப்பதில்லை. அலெக்சாந்தர் அஸ்த்ரூக் 1948இலேயே கேமராவைப் பேனா என்றார். சரி, எழுத்துன்னா இலக்கணமும் உண்டல்லவா? அது யாருடைய இலக்கணம்? இந்தக் கேள்விதான் வசதியாக விடுபட்டுப் போகிறது.

1966 கோடையில் அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸில், சோல் வொர்த்தும் ஜான் அடேரும் நவஹோ மக்கள் சிலருக்கு 16 மி.மீ. கேமராவைக் கையாளவும் ஃபிலிமை வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். எதை எடுப்பது, எப்படிச் சொல்வது என்பதைக் கூடியவரை அவர்களிடமே விட்டார்கள். சூசி பெனலி தன் அம்மா நெய்வதைப் படமாக்கினார். படத்தில் நெசவைவிட ஆட்டு ரோமத்துக்கும் சாயவேருக்கும், அவற்றுக்காக நடக்கும் நடைக்கும்தான் இடம் அதிகம். மற்றவர்களின் படங்களிலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். முகத்தை நெருங்கிக் காட்டுவது அபூர்வம்.

ஹாலிவுட் இலக்கணத்தில் நடை என்பது இரு செயல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம். வெட்டி எறிய வேண்டியது. இந்தப் பிரதிகளிலோ நடையே செயல். நெசவு தறியில் தொடங்குவதில்லை என்பதை வேறெப்படி எழுதுவது? ஆனால் இதே படம் ஒரு வகுப்பறைக்கு வந்திருந்தால், ‘இழுவை’ என்று குறித்து மார்க்கைக் குறைத்திருப்போம். நானும் குறைத்திருப்பேன். இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்று தமிழ் வகுப்பில் படித்தவன்தான் நானும்.

வொர்த், அடேர் முயற்சியையும் கும்பிட்டுவிட்டுப் போக முடியாது. 1972இல் வந்த நூல் நவஹோ கண்களைத் தலைப்பில் வைத்திருக்கிறது. எழுதியவர்கள் அவர்கள் இருவரே. கேமரா கைமாறியது, விளக்கம் சொல்லும் அதிகாரம் கைமாறவில்லை. ஆனாலும் அந்த நூலிலேயே அதை மீறும் ஒரு குரல் பதிவாகியிருக்கிறது. படம் எடுப்பதால் ஆடுகளுக்குக் கெடுதல் வருமா, நன்மை வருமா என்று கேட்கிறார் மருத்துவச் சடங்குகள் செய்யும் பெரியவர் சாம் யாஸி. இரண்டும் இல்லை என்றதும், பின்னே எதுக்குப் படம் என்கிறார். வீடியோவைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இவருக்குத்தான்.

இன்னொன்றும் நடந்தது. சூசி தன் அம்மாவுக்குக் கேமராவைக் கற்றுக்கொடுத்தார். அம்மா, மகள் நெய்வதைப் படமாக்கினார். பார்க்கப்பட்டவள் பார்ப்பவளானாள். மார்க் போட அங்கே யாரும் இல்லை. வீடியோவை எழுத்து என்று சொல்வதற்கு முன், நம் வகுப்பறைகள் அந்த இடத்துக்குப் போகத் தயாரா?