கசிவு தேடும் கை

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் பழைய ஹயேஸ் வானின் ஏசி நின்றுவிட்டால், ஜன்னலைத் திறந்தாலும் அனல்தான் உள்ளே வரும். ‘டொல்பின்’ என்று இலங்கை முழுக்கப் பெயரெடுத்த அந்த வான்கள் இன்னும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது அவற்றின் மதிப்பு இன்னும் ஏறியது.

“கேஸ் முடிஞ்சிட்டுது, அடிச்சு விடுங்கோ” என்பார் உரிமையாளர். நல்ல மெக்கானிக் உடனே அடிக்கமாட்டார். மூடிய சுற்றில் கேஸ் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. துறைமுகத்து உப்புக்காற்று கண்டென்சரின் மெல்லிய அலுமினியத்தை அரித்திருக்கலாம். பின் இருக்கைகளுக்குக் குளிர் கொண்டுபோகும் நீளக் குழாய்களிலும் சந்தேகம் வைக்கவேண்டும்.

நைட்ரஜனை ஏற்றிவிட்டு, மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை தடவி அவர் காத்திருப்பதைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். பெரிய ஓட்டை உடனே கொப்பளிக்கும். ஊசிமுனைக் கசிவோ பொறுமையைச் சோதித்துவிட்டு ஒற்றைக் குமிழை ஊதும்.

பிறகு வெற்றிடப் பம்ப். அவசரக்காரர்கள் இங்கேதான் நேரம் மிச்சம் பிடிப்பார்கள். அழுத்தம் குறையக் குறைய உள்ளே தங்கிய ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். தங்கினால் விரிவு வால்வில் பனியாக அடைக்கும். 1990களின் தொடக்க வண்டியென்றால் இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் காலத்து வண்டிகளில் இருந்த ஆர்-12 கேஸை 1987இன் மொன்ட்ரியல் உடன்படிக்கை ஓசோன் படலத்துக்காக ஒதுக்கியது. அதற்குப் பதிலான ஆர்-134ஏக்கு மாறும்போது எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் மாற்றவேண்டும்.

கடைசியில் கேஸை எடைபோட்டு ஏற்றுவார்; கூடினாலும் குளிராது. கம்ப்ரசர் கிளட்ச் ‘டக்’கென்று பிடித்ததும் காசு கேட்கமாட்டார். “நாளைக்கு மத்தியானம் ஆளேத்திக்கொண்டு நிலாவெளிக்குப் போட்டுவந்து சொல்லுங்கோ” என்பார்.