ஆலிஸ் பாட்டியின் அறை

'ஸ்பிரிட்ஃபேரர்' வீடியோ கேமில் சண்டை போட எதிரியே கிடையாது. கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த தண்டர் லோட்டஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. ஸ்டெல்லா என்ற பெண்ணும் அவளுடைய பூனையும் இறந்தவர்களைப் படகில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை கட்ட வேண்டும்; பிடித்ததைச் சமைத்துப் போட வேண்டும்; அவ்வப்போது கட்டியணைக்க வேண்டும். மனம் ஆறியதும் கடைசி வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும்.

முள்ளெலி உருவில் வரும் ஆலிஸ் பாட்டியிடம்தான் மனசு கனத்துப்போகிறது. நாளாக நாளாக அவருக்கு நடை தளர்கிறது. ஸ்டெல்லாவைத் தன் மகள் என்றே நினைத்துக்கொள்கிறார். சொந்தப் பாட்டியைக் கைத்தாங்கலாக நடத்திய பதின்வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் போன பிறகும் அறை படகிலேயே நிற்கிறது. உள்ளே ஒரு பூ.

அன்பானவரை இழக்கும் இந்தத் துக்கத்தைச் சென்னையின் மயிலாப்பூரும் நெடுநாளாக அறியும். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பலை, தந்தை சிவநேசர் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் என்கிறது பெரியபுராணம். அங்கே வந்த நாயன்மாரான சம்பந்தர், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஊரின் விழாக்களை வரிசையாகச் சொல்லி அந்தப் பெண்ணை அழைத்தார். பூம்பாவை எழுந்து வந்தாள். ஆட்டத்தில் அப்படி யாரும் திரும்புவதில்லை.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் வீதியுலாவுக்கு முன்பு, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவை எழுந்து வரும் காட்சி இன்றும் நடக்கிறது.